கடல் உப்பைக் கரைத்தால் கடலாகுமா?

பத்தாம் வகுப்பு, 'அ' பிரிவு

'உப்பில்லாப் பண்டம் குப்பையிலே' என்பது நம் பாட்டிமார் நாள்தோறும் சொல்லும் பழமொழி. நமக்கு உப்பு உணவில் சேரும் சுவை. ஆனால் கடலில் வாழும் உயிர்களுக்கோ உப்பு நீரே வீடு, அதுவே காற்று, அதுவே உணவு. அந்த வீட்டை ஒரு கண்ணாடித் தொட்டிக்குள் கட்ட நினைப்பவர்கள் எந்த உப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதையே இக்கட்டுரையில் காண்போம்.

எங்கள் ஊர் திருவக்கரை. திண்டிவனத்திற்கும் புதுச்சேரிக்கும் இடையே, சங்கராபரணி ஆற்றங்கரையில் உள்ள சிற்றூர். வக்கிரகாளியம்மன் கோயிலாலும் கல்லாகிப் போன மரங்களாலும் பெயர் பெற்றது. எங்கள் மாவட்டத்தின் கடற்கரையிலோ மரக்காணம் இருக்கிறது. கோடையில் அங்கே சென்றால் சாலையோரம் வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல்கள் சிறு குன்றுகளைப் போல நிற்பதைக் காணலாம்.

இப்போதெல்லாம் புதுச்சேரி, சென்னை போன்ற நகரங்களில் சிலர் வீட்டிலேயே கடல் மீன் தொட்டி வைத்திருக்கிறார்கள். வண்ண மீன்களோடு பவளப்பாறையின் சிற்றுயிர்களையும் சேர்த்து வளர்க்கும் தொட்டிகளும் உண்டு. அவற்றுக்கென்று 'கடல் உப்புக் கலவை' ஒன்று வாளிகளிலும் பைகளிலும் விற்கப்படுகிறது. அதன் விலையைக் கேட்ட நம் தாய்மார் எவரும் ஒரு கேள்வியைக் கேட்காமல் இருக்க மாட்டார்கள். "மரக்காணத்து உப்பு மூட்டை மூட்டையாகக் கிடக்கிறதே! அதுவும் கடலில் எடுத்த உப்புதானே? அதை இரண்டு கை அள்ளித் தண்ணீரில் போட்டால் ஆகாதா?"

நியாயமான கேள்விதான். ஆனால் இதற்குத் தவறான விடை சொன்னால் வீணாவது பணம் மட்டும் அன்று; வாயில்லா உயிர்கள் மடியும். ஆகவே விடையைச் சற்று ஆழமாகத் தேடுவோம்.

கடல் நீரில் இருப்பவை

ஒரு கிலோ கடல் நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. 'உப்பு' என்று ஒருமையில் சொல்லாமல் 'உப்புகள்' என்று சொல்வதைக் கவனியுங்கள். அந்த 35 கிராமில் குளோரைடு சுமார் 19.4 கிராம், சோடியம் 10.8 கிராம். இவ்விரண்டும் சேர்ந்ததே நம் சமையல் உப்பு. மீதியுள்ள சுமார் 5 கிராமில் சல்ஃபேட்டு 2.7 கிராம், மெக்னீசியம் 1.3 கிராம், கால்சியம் 0.41 கிராம், பொட்டாசியம் 0.40 கிராம். இவற்றோடு பைகார்பனேட்டு, புரோமைடு, ஸ்ட்ரான்ஷியம், போரான், ஃபுளோரைடு முதலியவை மிகச் சிறிய அளவில் உள்ளன.

இதில் வியப்பு என்னவென்றால், உலகின் பெருங்கடல்களில் எங்கே நீரை மொண்டு பார்த்தாலும் இப்பெரும் பொருள்களின் விகிதம் ஏறத்தாழ ஒன்றுதான். மழை மிகுந்த இடத்தில் உப்பு மொத்தமாகக் குறையலாம். வெயில் மிகுந்த இடத்தில் மொத்தமாகக் கூடலாம். ஆனால் ஒன்றுக்கொன்று உள்ள பங்கு மாறுவதில்லை. 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றி ஆராய்ச்சி செய்த 'சேலஞ்சர்' என்ற ஆங்கிலேயக் கப்பல் பல கடல்களிலிருந்து நீர் கொண்டுவந்தது. அவற்றில் 77 மாதிரிகளைப் பகுத்தாய்ந்த டிட்மார் என்ற வேதியியல் அறிஞர், 1884இல் வெளியான தம் அறிக்கையில் இவ்வுண்மையை உறுதிப்படுத்தினார். கோடிக்கணக்கான ஆண்டுகளாக இந்த விகிதத்திற்குப் பழகிய உயிர்களே கடலில் வாழ்கின்றன.

மரக்காணத்துப் பாத்தியில் நடப்பது

சரி, கடல் நீரில் இருந்த இத்தனை பொருள்களும் உப்பளத்து உப்பில் இருக்க வேண்டுமே? இங்கேதான் இரகசியம் இருக்கிறது.

மழைக்காலம் ஓய்ந்ததும் உப்பளத் தொழிலாளர்கள் பாத்திகளை மிதித்துச் சமன் செய்கிறார்கள். பிறகு உவர் நீரைப் பாய்ச்சி, பாத்திக்குப் பாத்தி மாற்றி, வெயிலில் வற்ற விடுகிறார்கள். நீர் வற்ற வற்ற அதன் அடர்த்தி ஏறுகிறது. அதை மிதவைக் கருவியால் 'டிகிரி' என்று அளக்கிறார்கள். சாதாரணக் கடல் நீர் சுமார் 3 டிகிரி.

நீர் வற்றும்போது எல்லாப் பொருள்களும் ஒரே நேரத்தில் படிவதில்லை. பள்ளி விட்டதும் வகுப்பு வகுப்பாக வரிசையில் வெளியே வருவதைப் போல அவையும் ஒழுங்காகப் பிரிகின்றன. முதலில் சுண்ணாம்பாகிய கால்சியம் கார்பனேட்டு அடியில் தங்குகிறது. சுமார் 13 டிகிரிக்கு மேல் ஜிப்சம் படிகிறது. கால்சியத்தின் பெரும்பகுதி இவ்வாறே முன் பாத்திகளில் நின்றுவிடுகிறது. நீர் பத்தில் ஒரு பங்காகச் சுண்டி 25 டிகிரியை எட்டியதும் நம் சமையல் உப்பு மணி மணியாகப் பூக்கத் தொடங்குகிறது. அதைத்தான் வாரிக் குவிக்கிறார்கள். 30 டிகிரிக்கு அருகில் வந்ததும் மிஞ்சிய நீரை வெளியேற்றிவிடுகிறார்கள். அந்நீர் நாவில் பட்டால் கசக்கும். மெக்னீசியம், பொட்டாசியம், புரோமைடு ஆகியவை எல்லாம் அந்தக் கசப்பு நீரோடு போய்விடுகின்றன.

ஆக, கால்சியம் முன்பே தங்கிவிட்டது. மெக்னீசியம் பின்னாலே போய்விட்டது. நடுவில் வந்த சோடியம் குளோரைடு மட்டுமே நம் கைக்கு வந்தது. இது உப்பளத்தின் குறை அன்று, அதன் திறமை. கசப்பு நீர் கலந்த உப்பை யாரும் சமையலுக்கு வாங்க மாட்டார்கள் அல்லவா? உணவுக்கு உகந்ததாக்கும் அதே வேலைதான் அந்த உப்பை மீனுக்கு உதவாததாக்குகிறது. கடைகளில் விற்கும் பொடியுப்பு இன்னும் தூய்மையாக்கப்பட்டது. அதில் அயோடின் சத்துக்கான பொருளும், கட்டிப் பிடிக்காமல் இருக்கச் சேர்க்கும் பொருளும் உண்டு. இந்துப்பும் பழைய கடல் ஒன்று வற்றியதால் உண்டான சோடியம் குளோரைடே. ஆகவே நிறத்தைக் கண்டு ஏமாற வேண்டாம்.

இதை எங்கள் அறிவியல் ஆசிரியை சிஸ்டர் அவர்களின் மேற்பார்வையில் சோதித்தும் பார்த்தோம். ஒரு கண்ணாடி டம்ளரில் புதுச்சேரிக் கடற்கரையில் எடுத்து வடிகட்டிய கடல் நீர். இரண்டாவதில் மரக்காணத்துக் கல்லுப்பு கரைத்த நீர். மூன்றாவதில் பொடியுப்பு கரைத்த நீர். உப்புகளை லிட்டருக்கு 35 கிராம் வீதம் காய்ச்சி வடித்த நீரில் கரைத்தோம். பின் ஒவ்வொன்றிலும் சலவைச் சோடாக் கரைசலைச் சம அளவில் ஊற்றினோம். கடல் நீர் மோரைப் போல வெளுத்தது. கல்லுப்பு நீர் இலேசாகக் கலங்கியது. பொடியுப்பு நீரோ ஏறக்குறையத் தெளிவாகவே நின்றது. வெளுப்பாகத் திரண்டது கால்சியமும் மெக்னீசியமும் கார்பனேட்டாக மாறியதே. எதில் எவ்வளவு இருக்கிறது என்பதைக் கண்ணாலேயே கண்டோம். செலவில்லாத இச்சோதனையைத் தோழியரும் செய்து பார்க்கலாம்.

சிறிதளவு தானே, இல்லாவிட்டால் என்ன?

35 கிராமில் 5 கிராம் தானே குறைகிறது, அதனால் என்ன கேடு வந்துவிடும் என்று சிலர் எண்ணலாம். இதற்கு இரண்டு அறிஞர்களின் ஆராய்ச்சி விடை சொல்கிறது.

இலண்டன் மருத்துவர் சிட்னி ரிங்கர், தவளையின் இதயத்தை உப்பு நீரில் வைத்து அது எவ்வளவு நேரம் துடிக்கிறது என்று ஆராய்ந்தார். குழாய்த் தண்ணீரில் உப்பைக் கரைத்தபோது இதயம் நெடுநேரம் துடித்தது. காய்ச்சி வடித்த நீரில் அதே உப்பைக் கரைத்தபோது விரைவில் ஓய்ந்தது. குழாய்த் தண்ணீரில் இருந்த துளியளவு கால்சியமே அந்த இதயத்தைத் துடிக்க வைத்தது என்பதை அவர் 1883இல் வெளியிட்டார். இன்று மருத்துவமனைகளில் நோயாளிகளுக்கு ஏற்றும் 'ரிங்கர் லாக்டேட்' பாட்டிலில் அவர் பெயர் நிலைத்திருக்கிறது. அதிலும் சோடியத்தோடு பொட்டாசியமும் கால்சியமும் சேர்ந்தே உள்ளன.

அடுத்து ஜாக் லோப் என்ற அறிஞர், ஃபண்டுலஸ் என்னும் சிறு மீனின் முட்டைகளை எடுத்துக்கொண்டார். அவை கடல் நீரில் வளர்ந்தன. காய்ச்சி வடித்த நீரிலும் வளர்ந்தன! ஆனால் கடலில் உள்ள அதே அளவு சோடியம் குளோரைடு மட்டும் கரைந்த நீரில் மடிந்தன. அதில் சிறிது கால்சியம் உப்பைச் சேர்த்ததும் மீண்டும் வளர்ந்தன. வெறும் சமையல் உப்பு நீர் என்பது குறைபட்ட கடல் மட்டும் அன்று, அது நஞ்சாகவே மாறிவிடுகிறது என்பதை இச்சோதனை காட்டியது.

பவளம் கட்டும் வீடு

மீனுக்கே இப்படி என்றால் பவளப்பாறை உயிர்களைப் பற்றிக் கேட்க வேண்டுமா? கடினப் பவளம் என்பது கல் அன்று, செடியும் அன்று. குண்டூசித் தலை அளவே இருக்கும் மென்மையான சிற்றுயிர்கள் கூட்டங் கூட்டமாக வாழ்ந்து, நீரில் கரைந்துள்ள கால்சியத்தையும் பைகார்பனேட்டையும் எடுத்துச் சுண்ணாம்புக் கூடு கட்டுகின்றன. நத்தை, சங்கு, முள்ளெலி போன்ற உடலுடைய கடல் முள்ளி, பாறையில் படரும் இளஞ்சிவப்புச் சுண்ணாம்புப் பாசி ஆகியவையும் அவ்வாறே.

கண்ணுக்குத் தெரியாமல் நீரில் கரைந்திருக்கும் பொருள் எப்படிக் கல்லாகும் என்று ஐயுறுவோர் எங்கள் ஊருக்கு வரலாம். திருவக்கரையில் 247 ஏக்கர் பரப்பில், 1940 முதல் பாதுகாக்கப்படும் தேசியக் கல்மரப் பூங்கா இருக்கிறது. இம்மரங்களைப் பற்றி 1781ஆம் ஆண்டிலேயே சோனரா என்ற பிரெஞ்சு இயற்கையறிஞர் எழுதினார். சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன் மண்ணில் புதைந்த மரங்களுக்குள், நீரில் கரைந்து வந்த சிலிக்கா மெல்ல மெல்லப் புகுந்து, ஆண்டு வளையங்கள் கூட அழியாதபடி அவற்றைக் கல்லாக்கிவிட்டது. அங்கே நீர் சுமந்து வந்தது சிலிக்கா. கடலில் நீர் சுமப்பது கால்சியம். மரத்தில் அது தானாக நடந்தது. பவளத்தில் உயிர் அதைச் செய்கிறது. அவ்வளவே வேறுபாடு.

இந்த வேலையில் மெக்னீசியத்திற்கும் பங்கு உண்டு. கால்சியமும் கார்பனேட்டும் தொட்டியின் சுவரிலும் சூடேற்றியிலும் வீணாகப் படிந்துவிடாமல், நீரிலேயே கரைந்து நிற்க மெக்னீசியம் துணை செய்கிறது. அது குறைந்தால் மற்ற இரண்டையும் எவ்வளவு ஊற்றினாலும் நிலைக்காது. ஒரு வீட்டில் ஓசையின்றி வேலை செய்யும் பெரியவரைப் போன்றது மெக்னீசியம் எனலாம்.

கடல் நீரையே கொண்டுவந்தால்?

'உப்பைத் தேடுவானேன், கடலையே குடத்தில் கொண்டு வரலாமே' என்று கேட்கலாம். கடற்கரை நகரங்களில் பலர் அப்படிச் செய்வதுண்டு. விகிதம் சரியாக இருக்கும், விலையும் இல்லை. ஆனால் நம் கரையில் வடகிழக்குப் பருவமழை பெய்யும் மாதங்களில் ஆறுகள் வெள்ளத்தைக் கொட்டுவதால் கரையோர நீரின் உவர்ப்பு குறைந்துவிடுகிறது. கழிமுகத்திற்கும் துறைமுகத்திற்கும் அருகில் சாக்கடையும் எண்ணெயும் கலந்திருக்கலாம். நோய்க் கிருமிகளும் உடன் வரும். தூய இடத்தில் எடுத்து, வடிகட்டி, சில வாரங்கள் இருட்டில் மூடி வைத்து, உவர்ப்பை அளந்த பின்பே பயன்படுத்த வேண்டும். கடற்கரையில் இருப்பவர்க்கு இது இயலும். எங்களைப் போல உள்நாட்டில் இருப்பவர்கள் வாரந்தோறும் குடம் சுமப்பது நடவாத காரியம்.

இந்தத் தொல்லையைத் தீர்க்கவே கடலைச் செய்துகொள்ளும் எண்ணம் பிறந்தது. 1854இல் பிலிப் ஹென்றி கோஸ் என்ற ஆங்கிலேய இயற்கையறிஞர், சமையல் உப்போடு பேதியுப்பு, மெக்னீசியம் குளோரைடு, பொட்டாசியம் குளோரைடு ஆகிய மூன்றைக் கலந்து நீரில் கரைத்துக் கடல் உயிர்களை வளர்த்துக் காட்டினார். நூறு ஆண்டுகளுக்குப் பிறகு, 1964இல், அமெரிக்காவில் 'இன்ஸ்டன்ட் ஓஷன்' என்ற பெயரில் ஆயத்தக் கலவை விற்பனைக்கு வந்தது. இன்று இஸ்ரேலின் 'ரெட் சீ', ஜெர்மனியின் 'டிராபிக் மரீன்' முதலிய பல கலவைகள் உள்ளன. உப்பளம் பிரித்தெடுத்த பொருள்களை மறுபடியும் உரிய பங்கில் ஒன்று சேர்ப்பதே இக்கலவைகளின் வேலை.

தேர்ந்தெடுக்கும் முறை

கடையில் ஒரே நிறுவனமே இரண்டு விதக் கலவைகளை வைத்திருக்கக் காணலாம். ஒன்று இயற்கைக் கடலின் அளவை ஒட்டியது. மற்றொன்று கால்சியமும் காரத்தன்மையும் கூட்டப்பட்ட 'வளமூட்டிய' கலவை; வேகமாகக் கூடு கட்டும் கடினப் பவளங்களுக்காகச் செய்யப்பட்டது. விலை கூடியதே சிறந்தது என்று எண்ணிவிடக் கூடாது. கீழ்க்கண்டவற்றைப் பார்த்து வாங்க வேண்டும்.

1. தொட்டியில் வாழப் போவது யார் என்பதை முதலில் முடிவு செய்க. மீன், இறால், நத்தை, மென்பவளம் ஆகியவற்றுக்கு இயற்கை அளவிலான கலவையே போதும்.

2. கரைத்த பின் கிடைக்கும் அளவுகள் உறையில் அச்சிடப்பட்டிருக்கும். உவர்ப்பு 35 ஆக இருக்கும்போது, லிட்டருக்குக் கால்சியம் 400 முதல் 440 மில்லிகிராம், மெக்னீசியம் 1250 முதல் 1350 மில்லிகிராம், காரத்தன்மை ஜெர்மன் டிகிரி அளவில் 7 முதல் 9 வரை இருந்தால் நல்லது. இம்மூன்றும் ஒன்றுக்கொன்று இசைவாக இருப்பதே முக்கியம். ஒன்று மட்டும் உயர்ந்திருப்பதில் பயனில்லை.

3. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் இல்லாததாக இருக்க வேண்டும். அவை இருந்தால் தொட்டி முழுதும் பாசி படரும்.

4. கரைத்த நீர் தெளிந்து நிற்க வேண்டும். வாளியின் அடியில் வெண்படிவு மிகுதியாகத் தங்கினால், பவளத்திற்குப் போக வேண்டிய சுண்ணாம்பு வாளிக்கே போய்விட்டது என்று பொருள்.

5. பை கிழியாமல், உள்ளே கட்டிப் பிடிக்காமல் இருக்கிறதா என்று பார்க்க. மெக்னீசியம் குளோரைடு காற்றின் ஈரத்தை இழுக்கும் தன்மையுடையது. நம் ஊர் மழைக்காலத்தில் திறந்து வைத்த பை விரைவில் பாறையாகிவிடும்.

6. கிலோ விலையைப் பார்க்காமல், ஒரு லிட்டர் கடல் நீர் செய்ய எவ்வளவு செலவாகும் என்று கணக்கிடுக. ஒரு கலவை லிட்டருக்கு 36 கிராம் கேட்கும். மற்றொன்று 39 கிராம் கேட்கும்.

7. ஒரு கலவை ஒத்துக்கொண்டால் அதையே தொடர்க. மாற்ற வேண்டியிருந்தால் சிறிது சிறிதாக மாற்றுக. உயிர்களுக்கு மிகச் சிறந்த நீரைவிட மாறாத நீரே மேலானது.

வீட்டுக் கணக்கு

பெற்றோர்கள் வாங்கும் முன் இக்கணக்கைப் பார்ப்பது நலம். 100 லிட்டர் தொட்டியை முதன்முறை நிரப்ப, லிட்டருக்கு 37 கிராம் வீதம் 3.7 கிலோ கலவை வேண்டும். அதன் பின் வாரம் 10 லிட்டர் நீரை மாற்றினால், வாரத்திற்கு 370 கிராம். ஆண்டின் 52 வாரங்களுக்கு 19 கிலோவுக்குச் சற்று மேல். ஆக முதல் ஆண்டில் சுமார் 23 கிலோ தேவைப்படும். தொட்டியின் விலை ஒரு முறை. உப்பின் விலை ஆண்டுதோறும். இதைத் தாங்க முடியாதவர்கள் தொடங்கிவிட்டுப் பாதியில் சமையல் உப்புக்கு மாறுவதைவிட, நன்னீர் மீன்களோடு மகிழ்ந்திருப்பதே அறம்.

தண்ணீரும் கலக்கும் முறையும்

நல்ல உப்பை மோசமான நீரில் கரைத்துப் பயனில்லை. கிணற்று நீரும் குழாய் நீரும் பாறையில் ஊறி வருபவை. அவற்றில் சுண்ணாம்பும் சிலிக்காவும் கரைந்திருக்கும். எங்கள் ஊர் மரங்களைக் கல்லாக்கிய அதே சிலிக்கா, தொட்டியில் பழுப்பு நிறப் பாசியாகப் படரும் டயாட்டங்களுக்கு உணவாகிவிடும். நகராட்சி நீரில் குளோரினும் இருக்கும். ஆகவே ஆர்.ஓ. முறையில் வடித்து, பின் அயனி நீக்கிய நீரையே பயன்படுத்த வேண்டும். வீட்டுக் குடிநீர் ஆர்.ஓ. இயந்திரம் பெரும்பகுதியை நீக்கும், முழுவதும் நீக்காது.

கலக்கும்போது முதலில் நீர், பிறகு உப்பு. உப்பைப் போட்டு அதன் மேல் நீரை ஊற்றினால் கால்சியமும் கார்பனேட்டும் நெருக்கமாகச் சந்தித்து வெண்மையாகத் திரண்டுவிடும். உப்பை எடுக்கும் முன் பையை நன்றாகக் குலுக்க வேண்டும். ஏனெனில் நுண்ணிய பொருள்கள் அடியில் இறங்கியிருக்கும். உணவுப் பொருளுக்கேற்ற தூய பிளாஸ்டிக் வாளியில், சிறு பம்பு வைத்து நீரைச் சுழலவிட்டு, உறையில் சொல்லியுள்ள நேரம் வரை பொறுத்திருக்க வேண்டும். பின் ரிஃப்ராக்டோமீட்டர் கொண்டு உவர்ப்பை அளக்க வேண்டும். 25 டிகிரி வெப்பத்தில் ஒப்படர்த்தி சுமார் 1.026 இருந்தால் அது கடலின் அளவு. உயிர்கள் இருக்கும் தொட்டிக்குள் உப்பை நேராகக் கொட்டவே கூடாது.

இன்னொன்றையும் நினைவில் கொள்க. தொட்டியில் நீர் ஆவியாகும்போது உப்பு ஆவியாவதில்லை. மரக்காணத்துப் பாத்தி கற்பிக்கும் பாடம் அது. ஆகவே குறையும் நீருக்கு ஈடாகத் தூய நன்னீரையே ஊற்ற வேண்டும். உப்பு நீரை ஊற்றினால் தொட்டியே உப்பளமாகிவிடும். நம் கோடை வெப்பத்தில் நீர் விரைந்து ஆவியாகும் என்பதால் நாள்தோறும் கவனிக்க வேண்டும்.

சட்டம் சொல்வது

தமிழ்நாட்டில் இராமேசுவரத்திற்கும் தூத்துக்குடிக்கும் இடையே, மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சூழ்ந்து இயற்கையான பவளப்பாறைகள் உள்ளன. ஒரு காலத்தில் அவற்றை வெட்டிச் சுண்ணாம்புக் காளவாய்க்கு அனுப்பினார்கள். 1986இல் அது கடல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், 2001ஆம் ஆண்டு கடினப் பவளங்கள் அனைத்தும், கடல் விசிறிகளும், கடல் குதிரைகளும் சேர்க்கப்பட்டன. புலிக்கு எந்த அட்டவணையோ, பவளத்திற்கும் அதே அட்டவணை! ஆகவே கடலில் வெட்டிய பவளத்தையோ பவளப் பாறைத் துண்டையோ வாங்குவது குற்றமாகும். மற்ற உயிர்களையும் சட்டப்படி வந்தவைதானா என்று கேட்டே வாங்க வேண்டும்.

இதனால் மனம் தளர வேண்டியதில்லை. நமக்கு அருகிலுள்ள பரங்கிப்பேட்டையில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையத்தார் கோமாளி மீன்களைத் தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்ய வைத்து வெற்றி கண்டிருக்கிறார்கள். அவ்வாறு வளர்ப்பில் பிறந்த மீன்களும், கடலில் வெட்டாத செயற்கைப் பாறையும் சேர்ந்தாலே அழகிய கடல் தொட்டி அமையும்.

இங்கே சட்டமும் வேதியியலும் கைகோத்து நிற்பதைப் பாருங்கள். கடினப் பவளம் வீட்டிற்கு வேண்டாம் என்றால், அதற்கென்று செய்த விலையுயர்ந்த வளமூட்டிய கலவையும் வேண்டாம். இயற்கைக் கடலின் அளவை ஒட்டிய, எளிய, மாறாத கலவை ஒன்றே நம் வீடுகளுக்கு ஏற்றது. இதுவே எங்கள் முடிவு.

முடிவுரை

கடல் உப்பைக் கரைத்தால் கடலாகாது. பாத்தியில் தங்கிய சுண்ணாம்பும், வாய்க்காலில் ஓடிய கசப்பு நீரும் திரும்பி வந்தால்தான் அது கடலாகும். வேண்டாம் என்று விடப்பட்ட பொருள்களில்தான் ஓர் இதயத்தைத் துடிக்க வைக்கும் ஆற்றலும், ஒரு பவளத்திற்கு வீடு கட்டும் வலிமையும் இருந்தன என்பது சிந்திக்கத் தக்கது.

இன்னும் ஓர் ஆசை எங்களுக்கு உண்டு. குஜராத்தின் பாவ்நகரில் 1954இல் தொடங்கப்பட்ட மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிலையம், கசப்பு நீரிலிருந்து பொட்டாசியம், மெக்னீசியம் முதலியவற்றைப் பிரிக்கும் வழிகளை ஆராய்ந்து வருகிறது. உப்பு உற்பத்தியில் குஜராத்திற்கு அடுத்த நிலையில் இருப்பது நம் தமிழ்நாடு. கொளுத்தும் வெயிலில் கால் வெடிக்க உழைக்கும் நம் உப்பளத் தொழிலாளர்களுக்குக் கிடைக்கும் விலையோ குறைவு. அவர்கள் வாரும் உப்போடு, அவர்கள் வெளியேற்றும் கசப்பு நீரின் பொருள்களையும் தூய்மையாக்கிச் சேர்த்து, 'மரக்காணம் கடல் உப்புக் கலவை' என்று ஒரு பை நம் கடைகளுக்கு வந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! அதற்கு வேண்டிய கடலும் வெயிலும் உழைப்பும் இங்கேயே இருக்கின்றன. வேண்டியது வேதியியல் கற்ற கைகள் மட்டுமே. தோழியரே, அந்தக் கைகள் ஏன் நம்முடையவையாக இருக்கக் கூடாது?